எர்த் போல்ட்டில் சந்தனம்

பாவா,

போன சனிக்கிழமை காலை என் கார் பானெட்டைத் திறந்து, பேட்டரிக்குப் பக்கத்தில் ஒரு போல்ட்டைக் கழற்றி, அடியில் ஒட்டியிருந்ததைச் சுரண்டினேன். சந்தன வாசனை வந்தது. ஒயர் கருகிய வாசனை வந்திருந்தால் பயந்திருப்பேன். சந்தனம் என்பதால் வெட்கமாகப் போய்விட்டது. அதை அங்கே வைத்தவன் நான்தான். மகள் ரேவதி பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். நல்லவேளை, பாவா இதைப் பார்க்கவில்லை என்று ஒரு நொடி நினைத்தேன். அடுத்த நொடியே அப்படி நினைத்ததற்காக மனசு ஒரு மாதிரி ஆகிவிட்டது.

ஆனி மாதம் நீங்கள் போனபின், காரியமெல்லாம் முடிந்து, அக்கா உங்கள் மஞ்சள் மல்டிமீட்டரைத் துணிப்பையில் போட்டு என் கையில் கொடுத்தாள். கறுப்பு ஒயரில் நீங்கள் சுற்றிய டேப் அப்படியே இருந்தது. எனக்கு இதெல்லாம் எதுக்கு, நீயே வெச்சிக்கோ என்றாள். நான் பத்தாம் வகுப்பை இரண்டு தடவை படித்து மாவு மில் வைத்தவன். அரக்கோணத்தில் ஆயுசு முழுக்க ரயில்வே சிக்னல் பார்த்த அக்கா புருஷனின் மீட்டர் என்னிடம் வந்தால் என்ன ஆகும்? ஒரு மாதம் அதை வைத்துக் கரண்டு வருகிறதா என்று வீட்டு பிளக்குகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

உங்கள் ஞாயிற்றுக்கிழமைகள் நினைவுக்கு வரும். அரக்கோணத்திலிருந்து காலை ரயிலில் வந்து இறங்குவீர்கள். என் வீட்டுக்காரி போட்ட காபியைக் குடித்துவிட்டு, "வண்டி இன்னா சொல்லுது மச்சான்?" என்பீர்கள். வண்டிதான் எப்போதும் ஏதாவது சொல்லிக்கொண்டே இருக்குமே. செகண்ட் ஹேண்டில் வாங்கிய வண்டி அது. இண்டிகேட்டர் போட்டால் வைப்பர் ஆடிய நாளை மறந்திருக்க மாட்டீர்கள்.

பின்பக்க பிரேக் லைட் விட்டுவிட்டு எரிந்த ஞாயிறுதான் எனக்கு அடிக்கடி சிரிப்பு மூட்டுவது. என்னை உள்ளே உட்கார வைத்து, பிரேக்கை மிதித்தபடியே இருக்கச் சொன்னீர்கள். நீங்கள் பின்னால் டிக்கிக்குள் தலையை விட்டு ஒவ்வொரு ஒயராக ஆட்டினீர்கள். மதியச் சாப்பாடு கொஞ்சம் கூடுதலாகிவிட்டதால் நான் தூங்கிப்போனேன். கால் நழுவியது, லைட் அணைந்தது. அப்போது உங்கள் கையில் இருந்த ஒயர்தான் குற்றவாளி என்று கால் மணி நேரம் அதைப் பிரித்து மேய்ந்தீர்கள். கண்டுபிடித்தபோது திட்டக்கூட இல்லை. "டெஸ்ட்டு பண்ற ரெண்டு பேரும் முழிச்சிகினு இருக்கணும் மச்சான்" என்று மட்டும் சொல்லிவிட்டு முதலிலிருந்து தொடங்கினீர்கள்.

இப்போது நடந்ததைச் சொல்கிறேன். ஆயுத பூஜைக்கு முந்தின நாள் பேட்டரி படுத்துவிட்டது. புது பேட்டரி வாங்கி நானே மாட்டினேன். பேட்டரியின் மைனஸிலிருந்து ஒரு தடித்த ஒயர் வந்து வண்டியின் உடம்பில் எர்த் போல்ட்டில் சேர்கிறதே, அந்த இடத்தை உப்புத்தாள் வைத்துப் பளபளவென்று தேய்த்தேன். எல்லாம் உங்கள் பேச்சைக் கேட்டுத்தான். "கரண்டு போற வழிய எல்லாரும் பாப்பான். அது திரும்பி வர்ற வழியப் பாரு" என்று எத்தனை தடவை சொல்லியிருப்பீர்கள். அவ்வளவு சுத்தமாகத் தேய்த்ததும் மனசு நிறைந்துவிட்டது. விடிந்தால் பூஜை. பாவாவின் இடம் என்று சந்தனத்தைக் குழைத்து அங்கே அப்பி, குங்குமமும் வைத்து, அதன் மேலேயே ஒயரை வைத்து முடுக்கிவிட்டேன்.

உங்கள் சிக்னல் ரூமில் பூஜையன்று பொட்டெல்லாம் பெட்டிகளின் மூடி மேல்தான், உள்ளே ஒரு சொட்டு ஈரம் படக்கூடாது என்று வருஷா வருஷம் சொல்வீர்கள். வருஷா வருஷம் நானும் பொரியைத் தின்றபடி தலையாட்டினேன்.

ஒரு வாரம் வண்டி ஓடியது. சந்தனம் காய்கிறவரை ஓடியது என்று இப்போது தெரிகிறது.

ரேவதி ஆர்.கே.பேட்டை ஆஸ்பத்திரியில் லேப் டெக்னீஷியன். தினமும் வண்டியை அவள்தான் எடுத்துப் போவாள். ஒரு சாயங்காலம் திரும்பி வரும்போது வண்டி நடு ரோட்டில் நின்றுவிட்டது. பின்னால் வந்த கரும்பு டிராக்டர் ஒரு முழம் தள்ளி நின்றதாம். வெளிறிய முகத்தோடு வந்து சொன்னாள். மீட்டர் முள்ளெல்லாம் ஒரே நேரத்தில் கீழே விழுந்தது, டேஷ்போர்டில் இருக்கிற விளக்கெல்லாம் கண் சிமிட்டியது, பிறகு நின்றது என்றாள். மறுநாள் காலையில் நான் எடுத்துக்கொண்டு மலைக்கோயில் ரோட்டில் ஏறி இறங்கினேன். ஒரு கோளாறும் இல்லை. கிளட்ச்சை ஒழுங்காக விடவில்லை நீ என்றேன். அடுத்த வாரம் மறுபடியும் சாயங்காலம், மறுபடியும் நின்றது. மறுபடியும் நான் காலையில் ஓட்டிப் பார்த்தேன். மறுபடியும் நல்லாத்தான் இருந்தது.

"லைட்டு போட்டாதான் ஆவுது நைனா" என்றாள். அதை நான் காதில் வாங்கவில்லை.

வண்டிக் கோளாறைச் செல்போனில் காட்டும் ஒரு சின்ன ஸ்கேனரை நீங்கள் இருக்கும்போதே வாங்கி வைத்திருந்தேன். அதை மாட்டினால் ஒரு நாள் ஒரு சென்சரைச் சொன்னது, மறுநாள் இன்னொன்றை. சொன்னதையெல்லாம் வாங்கி மாட்டினேன். இரண்டு சென்சர் மாற்றியும் மூன்றாவது ஒன்றின் பெயர் வந்தது. அந்தக் கருவியைப் பார்த்து நீங்கள் என்ன சொன்னீர்கள்? "அது புகாரு எழுதிக் குடுக்குது மச்சான். தீர்ப்பு சொல்றது நம்ம வேலை." நான் புகாரையே தீர்ப்பாக எடுத்துக்கொண்டு, அதிலும் தீராததால் மகளிடமிருந்து சாவியைப் பிடுங்கிவிட்டேன். உனக்கு ஓட்டத் தெரியவில்லை, பஸ்ஸில் போ என்றேன். மூன்று வாரம் அவள் டவுன் பஸ்ஸில் நின்றபடி போய் வந்தாள். என்னோடு பேச்சு சாப்பாட்டுக்கு மட்டும். நானோ வண்டியையே தலை முழுகிவிடலாம் என்று மணவூர்க்காரர் ஒருவரிடம் சொல்லி, அவர் ஞாயிறு வந்து பார்ப்பதாக ஏற்பாடு.

விற்பதற்கு முன் பானெட்டைத் துடைத்து வைக்கலாமே என்று சனிக்கிழமை வாசலில் நிறுத்தினேன். துடைக்கிற துணியைத் தேடும்போது உங்கள் மீட்டர் இருந்த பை கையில் வந்தது. அதற்குள் உங்கள் சின்ன நோட்டும் இருந்ததை அன்றுதான் பார்த்தேன். என் வண்டிக்கென்று ஒரு பக்கம். மேலே முதல் வரியாக, ஓட்டினவர் சொன்னது, என்று எழுதி அடிக்கோடு போட்டிருந்தீர்கள். கீழே ஒவ்வொரு ஞாயிறும் நான் உளறியதெல்லாம் உங்கள் கையெழுத்தில். நான் தூங்கிய அன்றைக்குக்கூட, 'லைட் தானாக அணைகிறது' என்று எழுதி, பிறகு அடித்திருந்தீர்கள்.

துணியைப் போட்டுவிட்டு உள்ளே போனேன். ரேவதி துணி மடித்துக்கொண்டிருந்தாள். வண்டி நிற்கும்போது என்ன ஆச்சு, முதலிலிருந்து சொல்லு என்றேன். சந்தேகமாகப் பார்த்தாள். பிறகு சொன்னாள். பகலில் ஒன்றும் இல்லை. லைட்டும் ஃபேனும் சேர்த்துப் போட்டால் முள் இறங்கும். ஹை பீம் போட்டால் நிற்கும். ஒரு நாள் லைட்டை அணைத்ததும் உடனே ஸ்டார்ட் ஆனதையும் பார்த்திருக்கிறாள். எல்லாம் அவளுக்குத் தெரிந்திருந்தது. கேட்கத்தான் ஆளில்லை.

அவளை டிரைவர் சீட்டில் உட்கார வைத்தேன். இஞ்சின் ஓடியது. மீட்டரின் ஒரு முனையை பேட்டரியின் மைனஸில் வைத்தேன், இன்னொன்றை வண்டியின் உடம்பில். புள்ளி இரண்டு வோல்ட்டைத் தாண்டக் கூடாது என்பது உங்கள் கணக்கு. புள்ளி மூன்று காட்டியது.

"இப்ப லைட்டு போடு."

"போட்டுகினேன்."

"ஃபேனு?"

"அதுவும் போட்டேன். இன்னா காட்டுது நைனா?"

ஒன்று புள்ளி எட்டு காட்டியது. கரண்டு போய்விட்டுத் திரும்ப வழியில்லாமல் முட்டிக்கொண்டு நின்றது. வழி அடைபட்டதால் சென்சர்கள் ஆளாளுக்கு ஒரு பொய் சொல்லியிருக்கின்றன. பாவம், நான் கழற்றிப் போட்ட இரண்டும் நல்ல சென்சர்கள்.

இஞ்சினை நிறுத்தி போல்ட்டைக் கழற்றினேன். அதற்கப்புறம்தான் அந்த வாசனை.

ரேவதி குனிந்து பார்த்தாள். மோந்தாள். "இது யாரு வெச்சது?"

பூஜைக்கு வைத்திருப்பார்கள் என்றேன்.

"வெச்சிருப்பாங்கன்னா, எவங்க? பேட்டரி மாத்துனது நீதானே?"

"ஆங்" என்றேன். அவள் பம்பர் மேல் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். உள்ளேயிருந்து அவள் அம்மா ஓடிவந்து, விஷயம் தெரிந்ததும், போனால் போகிறது, சாமி பொட்டுதானே என்றாள். சாமி மேல் பழி போடாதே அம்மா என்று ரேவதி இன்னும் சிரித்தாள். மூன்று வாரத்துக்குப் பிறகு அந்தச் சிரிப்பு. இன்னும் இரண்டு இடத்தில் சந்தனம் வைத்திருக்கலாமோ என்றிருந்தது எனக்கு.

சுரண்டி, உப்புத்தாள் போட்டு, வெறும் இரும்பின் மேல் ஒயரை முடுக்கினேன். லைட், ஃபேன், ஹை பீம் எல்லாம் போட்டாள். மீட்டரில் பூஜ்யம் புள்ளி பூஜ்யம் நான்கு. என் நெஞ்சிலிருந்து ஒரு மாவு மூட்டை இறங்கியது. மணவூர்க்காரருக்குப் போன் செய்து வரவேண்டாம் என்றேன். சாவியை அவள் கையில் வைத்தேன். பொட்டு இனிமேல் பானெட் மேல் மட்டும்தான்.

திங்கட்கிழமை சாயங்காலம் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தேன். தெரு முனையில் இரண்டு லைட்டும் முழுசாக எரிய வண்டி திரும்பியது. இறங்கி வந்து சாவியை ஆணியில் மாட்டினாள். உங்கள் மீட்டர் இப்போது அதே ஆணிக்குக் கீழேதான் இருக்கிறது, நோட்டும் கூடவே. இரண்டையும் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "மாமா இருந்திருந்தா அன்னிக்கே கண்டுபுடிச்சிருப்பாரு, இல்ல நைனா?"

"ஆங்" என்றேன்.

கண்டுபிடித்தது நீதாம்மா, முதல் நாளே சொன்னாய் என்பது தொண்டை வரைக்கும் வந்தது. உங்கள் நோட்டில் எழுதி வைத்துவிட்டேன், பாவா. அவளிடம் இன்னும் சொல்லவில்லை.