தொரைக்கு ஈரம் ஒத்துக்கொள்ளவில்லை

என் ராசாத் தம்பி மோகனுக்கு,

உன் பச்சோந்தி உயிரோடுதான் இருக்கிறது. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். நீ இருந்தால் என் சுகத்தை விசாரிக்கும் முன்னால் அதன் சுகத்தைத்தானே விசாரிப்பாய்.

எம்பிலிப்பிட்டிக்கு வாழைக்குலை ஏற்றப் போன இடத்தில், வால் நசுங்கி ரோட்டில் கிடந்ததென்று சட்டைக்குள் வைத்துக் கொண்டுவந்தாயே, அன்றைக்கே நான் கத்தினேன். இந்த லயத்து ஒற்றைக் காம்பராவில் நாம் மூன்று பேர் படுக்கவே இடமில்லை, இதில் இது வேறா என்று. நீ சிரித்துக்கொண்டே அதற்குத் தொரை என்று பேர் வைத்தாய். ஒரு கண் கொழுந்து மேலே, இன்னொரு கண் கங்காணி மேலே, நம் தேயிலைத் தோட்டத்துத் துரை மாதிரியே பார்க்கிறது என்றாய். அம்மாகூட அன்று சிரித்தாள்.

எலிக்காய்ச்சல் உன்னைக் கொண்டுபோன பிறகு தொரை என் தலையில் விழுந்தது. எனக்கு அழுகை வரவில்லை தம்பி. இன்னும் வரவில்லை. வேலைக்குப் பேர் போடுகிறார்கள், கொழுந்தெடுக்க மலைக்குப் போகிறேன், வந்து சோறு ஆக்குகிறேன். கல்லு மாதிரி இருக்கிறாளே என்று சனங்கள் பேசினது என் காதிலும் விழுந்தது. அவர்கள் சொல்வதும் சரிதான்.

மலையில் வெட்டுக்கிளி பிடித்துவந்து போட்டேன். தேங்காய்ச் சிரட்டையில் தண்ணீர் வைத்தேன். ஒன்றையும் அது தொடவில்லை. உடம்பு கறுத்து, கண் இரண்டும் குழிக்குள் போய்விட்டது. அம்மாவோ உன் படத்துக்குப் பக்கத்திலேயே அதன் கூட்டை வைத்து, காலையும் மாலையும் சாம்பிராணி காட்டினாள். முப்பத்தோராம் நாள் படையலை அதன் முன்னால் வைத்து, "எம் புள்ளதான் வந்திருக்கான், வெளிய விட்றாத" என்று அழுதாள். அதுவும் செத்துப்போனால், இவள் உன்னை இரண்டாம் தடவை சாகக் கொடுப்பாளே? அப்புறம் எழும்புவாளா?

அட்டைப் பெட்டியில் போட்டுப் பலாங்கொடை மிருக வைத்தியரிடம் கொண்டுபோனேன். ஆடு மாடு பிடித்து வந்தவர்கள் எட்டி எட்டிப் பார்த்தார்கள். காட்டுப் பிராணியை வீட்டில் வைக்கக்கூடாதென்று அவர் சிங்களத்தில் முதலில் ஏசினார். பிறகு கண்ணைப் பார்த்துவிட்டு, தண்ணீர் எப்படிக் கொடுக்கிறாய் என்று கேட்டார். சிரட்டை நிறைய வைக்கிறேன் மாத்தயா என்றேன். சிரட்டையில் இருப்பது தண்ணீரென்றே அதற்குத் தெரியாதாம். இலையில் நிற்கிற சொட்டைத்தான் நக்குமாம். புகை ஆகாது, காலை வெயில் வேண்டும், வறண்ட பக்கத்துச் சீவனுக்கு நம் மலையின் ஈரம் ஒத்துக்கொள்ளாது, தேறினதும் எடுத்த பக்கமே கொண்டுபோய் விடு என்றார்.

காலையில் செம்பரத்தைக் கிளையை நனைத்துவந்து கூட்டில் செருகுவாயே, குப்பையென்று நான் தூக்கித் தூக்கி எறிந்தது அதைத்தானா? வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கக்கூடாதா தம்பி?

நானும் கிளையை நனைத்து வைத்தேன். வெகு நேரம் அசையாமல் இருந்துவிட்டு நாக்கை நீட்டியது. சில நாளில் வெட்டுக்கிளியும் தின்றது. இப்போது நல்ல பச்சையாக இருக்கிறது. எனக்குச் சந்தோசம் வந்ததா என்று கேட்காதே, தெரியவில்லை.

வைத்தியர் சொன்னதை அம்மாவிடம் சொன்னேன். முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நேற்று சோறு தின்னும்போது அவளாகவே பேசினாள்.

"அவனுக்கு இந்தக் குளிர் ஒத்துக்கலன்னா நான் என்னத்துக்குப் புடிச்சு வச்சிருக்கணும்? கொண்டுபோயி வெயில்ல விட்டுட்டு வா புள்ள."

அவன் இல்லையம்மா, அது என்று நான் திருத்தவில்லை.

நாளைக்கு எம்பிலிப்பிட்டி பஸ் ஏறுகிறேன். எந்த வளைவில் அதை எடுத்தாயோ, எனக்குத் தெரியாது. வெயில் விழுகிற, பூச்சி இருக்கிற மரமாகப் பார்க்கிறேன்.

உன்னைத் தூக்கிக்கொண்டு போனபோது பொம்பளைகள் வரக்கூடாதென்று என்னை லயத்து முக்கிலேயே நிறுத்திவிட்டார்கள். மழையில் உன் பெட்டி தேயிலைக்குள் திரும்பினதுவரைதான் பார்த்தேன். நாளைக்கு என்னை யாரும் நிறுத்த முடியாது. அது கிளை ஏறி, இலைக்குள் போய், என் கண்ணுக்குத் தெரியாமல் ஆகும்வரை மரத்தடியிலேயே நிற்பேன். இது சத்தியம்.

திட்டித் திட்டியே உன்னை வளர்த்த
உன் அக்கா