சித்தப்பாவின் மணிக்கட்டு

1936 மே 10, சேக்காடு.

பத்து நாள் கொளுத்திய வெயில் இன்று மாலை இடியாக இறங்கியது. கடப்பாரையை வாசலில் நட்டால் இடி வீட்டின் மேல் விழாது என்று சித்தப்பா அதைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார். போன சித்திரையில் மண்வெட்டியோடு வயலில் நின்ற அப்பாவின் மேல்தான் இடி விழுந்தது. போகாதீர்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவர் மணிக்கட்டைக் கடித்தேன். ரத்தம் வந்தும் விடவில்லை.

“உடுடி, நாயே!” என்று அறைந்தார். கடப்பாரை கீழே விழுந்தது. அந்த நொடியே வாசல் தென்னை தீப்பிடித்துப் பிளந்தது.

“வாயே தொறக்காத பொண்ணு, பல்லு மட்டும் இன்னா கூரா கீது பாரு” என்றாள் சித்தி, அவர் கையில் மஞ்சள் பற்றுப் போட்டுக்கொண்டே.

சித்தப்பாவுக்குச் சோறு பிசைய முடியாமல் கை வீங்கியிருக்கிறது. என் கன்னமும் எரிகிறது. வடக்கே இன்னும் மின்னுகிறது. மறுபடி அவர் வெளியே போனால் மறுபடி கடிப்பேன்.