பெண் பார்க்க வந்த நாளில் நான் சொன்ன பொய்

அண்ணி,

இன்று காலை மன்னார்குடி டவுன் பஸ்ஸில் யாரோ கூப்பிட்டதுபோல் இருக்க, சட்டென்று தலையைத் திருப்பினேன். தலைக்குள் ஒரு வெட்டு. கண்ணுக்குப் பின்னால் மின்சாரம் ஓடி அணைந்ததுபோல இருந்தது. முன் சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். மன அழுத்தத்துக்காக நான் சாப்பிட்டுவந்த மாத்திரையை டாக்டர் கொஞ்சம் குறைத்து ஒன்பது நாள் ஆகிறது. இப்படி வரலாம், பயப்பட வேண்டாம், தாங்க முடியாவிட்டால் உடனே வாருங்கள் என்று முன்கூட்டியே சொல்லியிருந்தார். அதனால் பயம் வரவில்லை. நீங்கள்தான் வந்தீர்கள்.

பதினான்கு வருடத்துக்கு முன் இதே வெட்டைப் பற்றி என்னிடம் சொன்னீர்கள். "மோட்டார் கொட்டாயில ஈரக்கையோட சுவிட்ச தொட்டா ஒரு உலுக்கு உலுக்குமே, அது தலைக்குள்ள வருது." நான் நம்பவில்லை. இப்போது நம்புகிறேன், அண்ணி. ரொம்பத் தாமதமாக.

எட்டாம் மாதத்தில் உங்கள் குழந்தை உயிரில்லாமல் பிறந்தது. அதற்குப் பிறகு நீங்கள் யாராவது சொன்னால் குளித்தீர்கள், யாராவது வைத்தால் சாப்பிட்டீர்கள். அண்ணன்தான் தஞ்சாவூரில் ஒரு மனநல டாக்டரிடம் அழைத்துப்போனார். மாத்திரை ஆரம்பித்து இரண்டு மூன்று மாதத்தில் மெல்ல எழுந்தீர்கள். நடவு ஆட்களுக்கு டீ எடுத்துக்கொண்டு நீங்களே வயலுக்குப் போன அன்று அம்மா அழுதுவிட்டார். அந்த மாத்திரை உங்களை எங்களுக்குத் திருப்பிக் கொடுத்தது என்பது எனக்குத் தெரியும். தெரிந்துதான் செய்தேன்.

தை மாதம் மன்னார்குடியிலிருந்து என்னைப் பெண் பார்க்க வருவதாகச் சொல்லியிருந்தார்கள். எனக்கு இருபத்தெட்டு வயது. அதற்கு முன் இரண்டு இடம் தட்டிப்போயிருந்தது. 'அந்த வீட்டு மருமகளுக்கு மனசு சரியில்லையாம்' என்று ஒரு வார்த்தை போனால் இதுவும் போய்விடும் என்று நினைத்தேன். நீங்கள் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து உட்கார்ந்தேன்.

"அண்ணி, அந்த மாத்திரைய நிறுத்திடுங்களேன். நல்லாத்தானே இருக்கீங்க."

"எடுத்து ஒளிச்சு வச்சா போதாதா?"

"கேட்டா என்ன அண்ணி சொல்றது? நிறுத்திட்டா, இல்லைன்னு தைரியமா சொல்லலாம். பொய் சொல்ல வேணாம்ல."

கையிலிருந்த வெங்காயத்தை உரித்து முடித்தீர்கள். பிறகு "சரி" என்றீர்கள். டாக்டரைக் கேட்க வேண்டும் என்று உங்களுக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை. எனக்குத் தோன்றியிருந்தாலும் கேட்டிருக்கமாட்டேன்.

மூன்றாம் நாள் தலைசுற்றல் வந்தது. பின்னாலேயே வாந்தி, வியர்வை, அந்த வெட்டு. அம்மா ரசத்தில் உப்பு கூட என்று சொன்னதற்குத் தட்டைத் தூக்கிப் போட்டீர்கள். அடுத்த நிமிடமே அம்மாவின் காலடியில் உட்கார்ந்து அழுதீர்கள். ஐந்தாம் நாள் என்னிடம் கேட்டீர்கள்: "திரும்பவும் ஒண்ணு ஆரம்பிச்சிடவா?" நான் சொன்ன பதில் ஒவ்வொரு எழுத்தும் நினைவிருக்கிறது. "நாளன்னைக்கு வர்றாங்க. ரெண்டு நாள் பொறுத்துக்க முடியாதா அண்ணி?"

பொறுத்துக்கொண்டீர்கள். அவர்கள் வந்த அன்று கேசரி கிளறியது நீங்கள். எனக்குப் பூ வைத்துவிட்டது நீங்கள். ஆண்கள் கூடத்தில் பேசிக்கொண்டிருக்க, உள்ளறையில் மாப்பிள்ளையின் அம்மாவுக்கு நீங்கள் காபி கொண்டுவந்தபோது வெட்டு வந்திருக்க வேண்டும். டம்ளர் கைநழுவி விழுந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே சரிந்தீர்கள். முகமெல்லாம் வியர்வை.

"என்னம்மா, என்ன பண்ணுது?" என்று அவர் பதறினார்.

யாரும் வாய் திறப்பதற்குள் நான் சொன்னேன்: "ஒண்ணுமில்லைங்க. அண்ணி முழுகாம இருக்காங்க."

அவர் முகம் மலர்ந்துவிட்டது. தன் தலையிலிருந்த மல்லிகையில் ஒரு துண்டைக் கிள்ளி உங்களுக்கு வைத்தார். "நல்ல நேரத்துலதான் வந்திருக்கோம். தங்கமாட்டம் பெத்தெடு" என்று உங்கள் கன்னத்தை வழித்தார். நீங்கள் என்னைப் பார்க்கவில்லை. அவரைப் பார்த்துச் சிரித்தீர்கள். அவர்கள் கார் கிளம்பும்வரை அந்தச் சிரிப்பை அப்படியே வைத்திருந்தீர்கள்.

மறுநாள் தனியாகத் தஞ்சாவூர் போனீர்கள். இது நோய் திரும்பியது அல்ல, திடீரென்று நிறுத்தியதால் உடம்பு படும் பாடு என்று டாக்டர் சொன்னாராம். "யாரைக் கேட்டு நிறுத்தினீங்க?" என்று கோபப்பட்டாராம். என் பெயரை நீங்கள் சொல்லவில்லை. மாத்திரை மறுபடி ஆரம்பித்து, சில நாளில் எல்லாம் அடங்கியது. நான் கல்யாணமாகிப் போனபின், டாக்டர் சொன்ன கணக்கில், ஒரு வருடத்துக்குமேல் எடுத்துக்கொண்டு, கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து வெளியே வந்தீர்கள். நடுவில் கஷ்டமான வாரங்கள் இருந்தனவாம். அண்ணன் சொல்லித்தான் தெரியும். நான் ஒருமுறைகூடப் போன் செய்து கேட்கவில்லை.

பொய் அத்தோடு முடியவில்லை. வைகாசியில் கல்யாணம். ஆறு மாத வயிறு இருக்க வேண்டிய இடத்தில் இல்லை. மண்டபத்து அறையில் என் மாமியார் உங்களைப் பார்த்துத் தயங்கி நின்றார். நீங்களாகவே சொன்னீர்கள்: "தங்கலைங்க." அவர் உங்களைக் கட்டிக்கொண்டு அழுதார். முகூர்த்தப் புடவையில் நான் பக்கத்தில் நின்றேன். என் கல்யாணத்துக்காக, இல்லாத ஒரு குழந்தையையும் நீங்கள் இழக்க வேண்டியிருந்தது.

போன ஆடியில் மாரடைப்பு உங்களைக் கொண்டுபோனது. காரியம் முடிந்து திரும்பியபின் எனக்குத் தூக்கம் போனது, பசி போனது. என் கணவர்தான் டாக்டரிடம் அழைத்துப்போனார். இந்த வீட்டில் என் மாத்திரையை யாரும் ஒளிக்கவில்லை. "போட்டியாம்மா?" என்று அத்தை தினமும் கேட்கிறார்.

அதனால்தான் இன்று பஸ்ஸிலிருந்து இறங்கி வீட்டுக்கு வந்ததும், முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்த அத்தையிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கை நின்றுவிட்டது.

"அப்ப அந்தப் பொண்ணுகிட்ட நான்... தங்கமாட்டம் பெத்தெடுன்னு..." என்றார்.

கீரையைக் கீழே வைத்துவிட்டு, "எங்கிட்ட நேராச் சொல்லியிருக்கலாமே" என்றார்.

"சொல்லியிருந்தா சம்மதிச்சிருப்பீங்களா அத்தை?"

யோசித்துவிட்டு உண்மையைச் சொன்னார். "தெரியலம்மா."

உங்களிடம் நான் மன்னிப்புக் கேட்டது ஒரே ஒருமுறை, என் மகள் பிறந்தபோது ஆஸ்பத்திரியில். குழந்தையை மடியில் வைத்திருந்தீர்கள். "மாத்திரைய நிறுத்தச் சொன்னதெல்லாம் போகுது, விடு. உனக்குக் கல்யாணம் ஆகணும்னு எனக்கும் ஆசைதான்" என்றீர்கள். "ஆனா அன்னிக்கு அவங்ககிட்ட அதை மட்டும் நீ சொல்லியிருக்க வேணாம்." மன்னித்துவிட்டேன் என்று சொல்லவில்லை. நானும் அதற்குப்பின் கேட்கவில்லை.

உங்கள் பதினாறாம் நாள் காரியத்தன்று அண்ணன் ஒன்று சொன்னார். எட்டு மாதத்தில் போன அந்தப் பெண்குழந்தைக்கு நீங்கள் இருவரும் ஒரு பெயர் வைத்திருந்தீர்களாம். வேறு யாருக்கும் தெரியாதாம். என் காதருகே மெல்லச் சொன்னார். தினமும் மனதுக்குள் ஒருமுறை சொல்லிப் பார்க்கிறேன். இந்தக் கடிதத்தில் அதை எழுதமாட்டேன், அண்ணி. உங்களுடையதை உங்களைக் கேட்காமல் நான் சொன்னது ஒருமுறை போதும்.