அவளுக்குப் பைத்தியம் பிடிக்கவில்லை

மார்ச் 3, 1998, செவ்வாய்

காலையிலிருந்து மழை. துணி இன்னும் லாண்டரி ரூமில். லைப்ரரியில் வேலை பார்க்கும் கேரல் கேட்டாள், சனிக்கிழமை வாசகர் கூட்டத்தில் பேச முடியுமா என்று. பாளையங்கோட்டைக் கல்லூரியில் ஆங்கிலம் நடத்தியது, பாதியில் விட்ட பிஎச்.டி., எல்லாவற்றையும் போன வாரம் அவளிடம் உளறியிருந்தேன். யாரைப் பற்றி? வேறு யார், பிஎச்.டி.க்கு நான் எடுத்திருந்த நாவலாசிரியைதான். இருநூறு வருடத்துக்கு முந்தைய லண்டன்காரி. பாழடைந்த கோட்டை, அதில் மாட்டிக்கொண்ட பெண் என்று எழுதி ஊரையே நடுங்க வைத்தவள். சரி என்று சொல்லிவிட்டேன்.

மார்ச் 4, புதன்

என் கணவர் டேனியலிடம் சொன்னேன். முகம் மாறிவிட்டது.

"சனிக்கிழமைதானே உனக்கு கோபோல் கம்ப்யூட்டர் கிளாஸ் ஸ்டார்ட் ஆகுது? ஒய்-டூ-கே, அந்த ரெண்டாயிரம் வருஷ கம்ப்யூட்டர் வேலை இருக்கறப்பவே கத்துக்கிட்டாதான் ஹெச்-1 வேலை விசா கிடைக்கும். பேய்க்கதை பேசி என்ன கிடைக்கும்?"

"பேசணும்போல இருக்குங்க. அவ்வளவுதான்."

அப்பளம் கருகிவிட்டது.

மார்ச் 5, வியாழன்

குறிப்பெடுத்தேன். அவள் கணவருக்குப் பத்திரிகை வேலை, வீடு திரும்ப நேரமாகும். குழந்தை இல்லை. கணப்பருகே தனியாக உட்கார்ந்து எழுதுவாள். இத்தாலி மலைகளைப் பக்கம் பக்கமாக வர்ணித்தவள் இத்தாலியைப் பார்த்ததே இல்லை. (நானும் இங்கே எதைப் பார்த்தேன்? கார் ஓட்டத் தெரியாது.)

புகழின் உச்சியில் நாவல் வெளியிடுவதை நிறுத்திவிட்டாள். ஏன்? தெரியாது. பேயை எழுதி எழுதி மூளை கலங்கிவிட்டது என்று ஊரே கதை கட்டிவிட்டது.

மாடி வீட்டு சுமதி ஆன்ட்டி போனில்: "கிளாஸுக்கும் போகாம புக்கும் கையுமா இருந்தா மண்டை குழம்பிடும்மா."

மார்ச் 7, சனி

பேசினேன்! குளிருக்குப் போட்ட கோட்டைக்கூடக் கழற்றாமல் பேசியிருக்கிறேன். அவள் கதையில் ஒவ்வொரு சத்தத்துக்கும் கடைசியில் ஒரு காரணம் இருக்கும், பேய் இருக்காது, பயந்தாலும் அவள் கதாநாயகிகள் போய்ப் பார்ப்பார்கள் என்றேன். பின்னால் வந்த எத்தனையோ மர்மக்கதைகளுக்கு அவள்தான் வழி போட்டாள் என்றேன்.

முன்வரிசையில் ஒரு முதிய அமெரிக்கப் பெண்மணி கேட்டார். "கடைசியில் பைத்தியமாகிவிட்டாளாமே?"

"இல்லை. கணவரோடு ஊர் ஊராகப் போனாள். அதையெல்லாம் தனக்காக எழுதி வைத்தாள். வெளியே பேசாமல் இருந்தாள், அவ்வளவுதான். அதற்குத்தான் இந்தப் பெயர்."

கைதட்டல். கடைசி வரிசையில் டேனியல்! இறக்கிவிட்டுப் போய்விட்டார் என்று நினைத்திருந்தேன்.

காரில்: "காலேஜ்லயும் இப்படித்தான் நடத்துவியா?"

"ஆமா."

வண்டியை பார்க்கிங்கில் நிறுத்தினார். பிறகு, "உன் ஹெச்-4 விசால வேலைதானே பாக்கக் கூடாது? படிக்கலாம்ல?"

பாதியில் விட்டதையா என்று அவரைத் திரும்பிப் பார்த்தேன்.

"அவ எழுதின அந்த புக்கைக் குடு. ஆபீஸ் போற டிரெய்ன்ல புரட்டிப் பாக்கறேன்."

மார்ச் 9, திங்கள்

வெயில். யூனிவர்சிட்டிக்கு போன் செய்தேன். விண்ணப்பப் படிவம் அனுப்புகிறார்களாம். சாம்பார், கத்தரிக்காய். ஏழு மணியாகியும் டேனியலைக் காணோம். பிறகு போன்.

"ஸ்டெல்லா, நான் டிரென்டன்ல இருக்கேன்."

"பிரின்ஸ்டன் ஜங்ஷன்ல இறங்கலையா?"

"நம்ம ஸ்டேஷன் போனதே தெரியலை. அந்தப் பூட்டின ரூமுக்குள்ள யாரு இருக்கா? இல்ல, இல்ல, சொல்லாத. திரும்பி வர்ற டிரெய்ன்ல படிச்சுக்கறேன்."