படகில் சுரண்டிய பேர்

பெனிட்டா,

நீயும் பிள்ளையும் அசந்து தூங்குறீங்க, எழுப்பலை. சாளைக் குழம்பு மிச்சம் இருக்கு, சுட வச்சுச் சாப்பிடு. ஞானஸ்நானத்துக்குப் பேர் கேட்டு ஃபாதர் சாயங்காலம் வருவாரு. ஸ்டெல்லான்னே சொல்லிடு.

பாம்பூஃப்ளாட் படகு ஜெட்டியில ஸ்டெல்லான்னு கூப்பிட்டா நாலு பொம்பளைங்க திரும்புவாங்கன்னு நான்தான் சண்டை போட்டேன். நேத்து விடியக்காலம் திரும்பி வரும்போது கரையில கரண்ட் இல்லை, ஒரு விளக்கும் தெரியலை. ஒத்தை விண்மீன் மட்டும் தண்ணியில மெதுவா ஆடிச்சு, நம்ம பிள்ளை தொட்டில்ல கிடந்து ஆடுறாப்புல. லத்தீன்ல ஸ்டெல்லான்னா விண்மீன், மாதாவே கடலுக்கு விண்மீன், அதான் கடல்காரங்க வீட்டுல எல்லாம் அந்தப் பேருன்னு நீ சொன்னது அப்பதான் உறைச்சுது.

பிள்ளைக்கு வைக்கணும்னு உன்னைக் கேக்காம நான் படகுல எழுதுன ஷெரின்ங்கிற பேரைச் சுரண்டிட்டேன். இன்னைக்குப் படகு பேரில்லாமத்தான் போகுது.

வின்சென்ட்

இதையும் சொல்லிடுறேன்: அந்த ஜெட்டியில அஞ்சாவதா நம்மவளும் திரும்பட்டும்.