கம்பெனி கம்பெனியாக நாம் அலைந்தது

இன்று காலை லேபில் மாணவிகள் செப்புக் கம்பியைக் காயிலாகச் சுற்றி முடித்த மோட்டாருக்கு வார்னிஷ் ஊற்றினார்கள். அந்த நெடி ஏறியதும் ஜன்னலைத் திறக்கப் போனவள் அப்படியே நின்றுவிட்டேன். உன் சேலையில், சோற்றுப் பையில்கூட இதே நெடிதான் இருக்கும். கடைசியாக ஆஸ்பத்திரியில் உன் கையைப் பிடித்தபோது அதில் மருந்து வாசனை மட்டுமே இருந்தது.

நாம் இந்தத் தொழிற்பயிற்சி நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்த புதிதில், மோட்டார் வைண்டிங் படித்த பெண்கள் நல்ல மார்க் வாங்கியும் இன்டர்வியூவுக்குப் போய்ப் போய்த் திரும்பி வந்தார்கள். பொள்ளாச்சிக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமத்திலிருந்து வந்த ரேவதி, "பஞ்சு மில்லுக்கே போய்க்கறேனுங்க மிஸ். அங்க சர்டிபிகேட் கேக்கமாட்டாங்க" என்றாள். அன்று மதியம் நீ சாப்பிடவில்லை.

"ஏன் அம்மணி, இவங்களை எதுக்கு வேண்டாங்கறாங்கன்னு நாம யாராச்சும் போய்க் கேட்டமா?" என்றாய்.

மறுநாளே என்னை வண்டியில் ஏற்றிக்கொண்டு கம்பெனிகள் நிறைந்த கணபதிப் பகுதிக்குப் போய் ஒவ்வொன்றாக ஏறி இறங்கினாய். ஒரு பம்ப்செட் கம்பெனி முதலாளி உட்காரச் சொல்லிக் காபி வரவழைத்தார். பேச்சு மட்டும் கறார்.

"நீங்க பழைய மோட்டார்ல சொல்லித் தர்றீங்க. நாங்க செய்யறது போர்வெல் மோட்டாருங்க. வர்ற புள்ளைக்கு மொதல்ல இருந்து நாங்க கத்துக் குடுக்கோணும். கத்துக் குடுத்தாலும் ரெண்டு மாசத்துல நின்னுக்கறாங்க."

நான் எழுந்துவிட்டேன். நீ எழவில்லை. "ஏனுங்க, கோடை லீவுல நானே வந்து உங்க ஆளுங்களோட உக்காந்து கத்துக்கட்டுங்களா?"

அவர் சிரித்தார். நீ சிரிக்கவில்லை.

அந்த மே மாதம் முழுக்க அங்கே உட்கார்ந்து விரல் காய்க்க வேலை கற்றாய். பக்கத்தில் இருந்த பெண்களோடு பேசிப் பேசி இன்னொன்றையும் தெரிந்துகொண்டு முதலாளியிடம் போனாய். "வேலை தெரியாம யாரும் நிக்கலீங்க. எட்டு மணிக்கு விட்டா ஊடு போய்ச் சேர பஸ் இல்லீங்க. காத்தால சீக்கிரம் வரச் சொல்லி, அஞ்சு மணிக்கு விட்டுப் பாருங்க."  வகுப்புகள் திறக்கும் சமயத்தில் அவர் போன் செய்து, "சரிங்க மிஸ், பாக்கலாம்" என்றார்.

மில்லுக்குப் போயிருந்த ரேவதியையும் அழைத்து வந்து புதுப் பிள்ளைகளோடு உட்கார வைத்தாய். இருமிக்கொண்டேதான் பாடம் நடத்தினாய். தூசி ஒத்துக்கொள்ளவில்லை என்றாய். நுரையீரலில் கட்டி என்று தெரிந்தபோது மழைக்காலம் வந்திருந்தது.

கம்பெனியிலிருந்து ஆள் எடுக்க வந்த அன்று, முடிவு தெரிந்ததும் ஆஸ்பத்திரிக்கு ஓடி வந்தேன். "எல்லாரையும் எடுத்துட்டாங்க. ரேவதியையுந்தான்." நீ முகத்தில் இருந்த ஆக்சிஜன் மாஸ்கை நகர்த்திவிட்டு ஒரே ஒரு வார்த்தை கேட்டாய்.

"பஸ்ஸு?"

"அஞ்சு மணிக்கு விட்டுருவாங்களாம்" என்றேன். கண்ணை மூடிக்கொண்டாய்.

அவர்கள் வேலைக்குச் சேர்ந்த திங்கட்கிழமை விடியும்போது நீ இல்லை. சாயந்திரம் வேலை விட்டதும் அத்தனை பேரும் புது யூனிபார்மோடு நேராக உன் வீட்டுக்கு வந்தார்கள். அதற்குள் உன்னைச் சுடுகாட்டுக்கு எடுத்துப் போயாகிவிட்டது. கழுவிவிட்ட வாசலில் ஈரம் காயவில்லை. இருட்டுகிறது, கிளம்புங்கள் என்றேன். "இன்னிக்கு ஒரு நாளு பஸ்ஸு போகட்டுங்க மிஸ்" என்று சொல்லிவிட்டு ரேவதி அந்த ஈரத்திலேயே உட்கார்ந்துவிட்டாள்.

இப்போது பல கம்பெனிகளில் காயில் சுற்ற மெஷின் வந்துவிட்டது. அதை ஓட்டத் தெரிந்த ஆள்தான் வேண்டுமாம். பிள்ளைகள் மறுபடியும் திரும்பி வருகிறார்கள். நானும் மறுபடி போய்க் கேட்கிறேன். உன்னைப் போல எழாமல் உட்கார்ந்திருக்கப் பழகிக்கொண்டேன். உன் பேச்சுத்தான் எனக்கு வரவில்லை.

இன்று மதியம் அரசூர்ப் பக்கம் ஒரு புதுக் கம்பெனிக்குப் போனேன். வாட்ச்மேன் நோட்டில் எழுதக் குனிந்தபடியே, "எத்தனை பேருங்க?" என்று கேட்டார்.

"ரெண்டு பேருங்க" என்றேன்.

அவர் நிமிர்ந்து என் பின்னால் பார்த்தார்.