முட்டையிடாத வாத்தும் என் முழங்கையும்

அன்பு மகள் ரெட்னோவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே நானும் உன் அம்மாவும் நானூறு வாத்துகளும் இறைவன் அருளால் சுகமாக இருக்கிறோம், உன் சுகம்தான் எங்களுக்குச் சரியாகத் தெரியவில்லை, அதைத் தெரிந்துகொள்ளவே எழுதுகிறேன். ரத்தம் கொடுத்துச் சோதித்துப் பார்த்தாயா என்று போனில் நான் வாயெடுத்ததுமே ஆய்வகத்தில் வேலை இருக்கிறது என்று வைத்துவிடுகிறாய். கடிதத்தை அப்படி வைக்க முடியாது, கடைசிவரை படித்துத்தான் ஆக வேண்டும்.

வெங்காய அறுவடை முடிந்து நம் ப்ரெபெஸ் ஊர் முழுக்க அந்த வாசனைதான், உன் அண்ணன் காஸ்மன் புதிதாக ஒரு மோட்டார் சைக்கிள் வாங்கி இரண்டே நாளில் வாய்க்காலில் இறக்கிவிட்டான், அடி ஒன்றும் இல்லை. எனக்கு இன்னும் அந்த வாத்து நினைப்புதான். எட்டு மாதம் தவிடும் கருவாட்டுத் தலையும் தின்று ஒரு முட்டைகூட இடவில்லை, தின்னுட்டுத் தின்னுட்டு அப்படியே உக்காந்திருக்கு, உங்க தங்கச்சி மாதிரியே என்று உன் அம்மா தினமும் குத்திக் காட்டுவாள். அதை அறுத்த அன்று கிண்ணத்தில் பிடித்த ரத்தத்தைப் புதைக்க மறந்து ஏதோ வேலையாகப் போய்விட்டேன். திரும்பி வந்து பார்த்தால் சிவப்பு அடியில் தங்கி, மேலே கெட்டித் தேங்காய்ப்பால் போல வெள்ளையாக நிற்கிறது. வயிற்றில் மற்ற வாத்துகளுக்கு மஞ்சள் கரு சிறிதும் பெரிதுமாகக் குலைகுலையாக இருக்கும், இதற்கு வெளிறிப்போய்க் கடுகு கடுகாக இருந்தது. இத்தனை வருடத்தில் நான் இப்படிப் பார்த்ததில்லை. படம் அனுப்பியதும் நீ ஒரு மணி நேரம் பேசினாய், உன் குரலில் அவ்வளவு சந்தோஷத்தைக் கேட்டு நாளாயிற்று.

நீ சொன்னதை எனக்குப் புரிந்த மாதிரி எழுதுகிறேன், தப்பு இருந்தால் திருத்து. மஞ்சள் கருவுக்கான சரக்கு ஈரலில் தயாராகி ரத்தத்தில் வருகிறது, வளரும் முட்டையின் மேல் ஒரு வாசல்காரன் நின்று அதைப் பிடித்து உள்ளே இழுக்கிறான், அவனைத்தான் நீங்கள் ஏற்பி என்கிறீர்கள். இந்த வாத்துக்கு வாசல்காரன் பிறவியிலேயே பழுது, சரக்கெல்லாம் உள்ளே போக வழியில்லாமல் ரத்தத்திலேயே தேங்கிவிட்டது. மீன், தவளை, ஆமை, கொசுவுக்குக்கூட இதே வம்சத்து வாசல்காரன்தான் என்றாய். நம் ஆதி முன்னோர் முட்டையை விட்டுப் பாலுக்கு மாறிய பிறகும் நம் உடம்பு அந்த வம்சத்தை வேலையை விட்டு அனுப்பவில்லை, அவனுடைய பங்காளி ஒருவன் நம் ஈரலில் உட்கார்ந்து ரத்தத்தில் போகும் கொழுப்பை உள்ளே இழுக்கிறான் என்றாய். வாத்துக்குத் தவிடு கலக்கும்போதெல்லாம் இதே யோசனை எனக்கு. ஆஸ்திரேலியாவில் முட்டையும் இட்டுப் பாலும் கொடுக்கும் பிராணி ஒன்று இருக்கிறதாமே, அதற்கு வாசல்காரன் எந்தப் பக்கம் வேலை பார்க்கிறான், மறக்காமல் எழுது.

இந்தக் கதையைச் சுகாதார நிலையத்து டாக்டரம்மாவிடம் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தபோதுதான் அவள் என் முழங்கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள். அங்கே இருக்கும் மஞ்சள் கட்டிகள் குந்தி உட்கார்ந்து முழங்காலில் முழங்கையை ஊன்றி ஊன்றி வந்த காய்ப்பு என்றுதான் நான் இருபது வருடமாக நினைத்திருந்தேன். குதிகாலைப் பார்த்தாள், ரத்தம் எடுத்தாள், கெட்ட கொழுப்பு முந்நூற்றுப் பத்து. வாத்துக்கு ஆன மாதிரியேதான் ஐயா, உங்க ஈரல்ல இருக்கிற வாசல்காரன் பாதி வேலைதான் பாக்குறான், வீட்ல யாராவது சின்ன வயசுல மாரடைப்புல போயிருக்காங்களா என்று கேட்டாள். நாற்பத்தொரு வயதில் வெங்காய வயலில் சாய்ந்த உன் சித்தப்பாவைச் சொன்னேன். பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் இது வர பாதிக்குப் பாதி வாய்ப்பு, சீக்கிரம் கண்டுபிடித்தால் மாத்திரையிலேயே அடக்கிவிடலாம் என்றாள். நான் மாத்திரை போடுகிறேன். ஊருக்கெல்லாம் உப்பில் ஊறவைத்த முட்டை விற்கிற வீட்டில் எனக்கு முட்டை கிடையாது, வாசனை மட்டும் பிடிச்சுக்கோங்க என்கிறாள் உன் அம்மா. காஸ்மனுக்கும் பார்த்தாயிற்று, அவனுக்கு ஒன்றும் இல்லை.

இனி நீதான் அம்மாடி. தவளைக்கும் ஆமைக்கும் ரத்தம் எடுக்கிற பெண் தனக்கு எடுக்க ஏன் இத்தனை நாள் கடத்துகிறாய் என்று முதலில் கோபம் வந்தது. போன வாரம் நீ அனுப்பிய படத்தை அம்மா பெரிதாக்கிப் பார்த்து, என்னங்க இவ முழங்கையில மஞ்சளா இருக்கு என்று கேட்டாள். வெளிச்சம் அப்படி விழுந்திருக்கு என்று சொல்லிவிட்டேன். உனக்கு முப்பத்திரண்டு வயது, இதையே படிக்கிறவள், அது என்ன என்று உனக்குத் தெரியாமல் இருக்காது. பயந்துபோய்த்தான் பார்க்காமல் இருக்கிறாய் என்று இப்போது புரிகிறது. எனக்கும் பயம்தான், அதோடு உனக்கு இதைக் கொடுத்தவன் நான் என்பது நெஞ்சை அறுக்கிறது. இந்த வாரமே போய்ப் பார், கொழுப்பு அளவை முதலில் எனக்கு மட்டும் அனுப்பு. எத்தனையாக இருந்தாலும் அம்மாவிடம் நாம் இருவரும் சேர்ந்து சொல்வோம்.

இறைவன் உனக்கு நீண்ட ஆயுள் தரட்டும். குளிருக்குக் காலுறை போட்டுக்கொள், வேளைக்குச் சாப்பிடு.

உன் அப்பா,
தர்யோனோ